புள்ளி புள்ளி சாய்கோடு: ஓர் ஆராய்ச்சியுரை

நூலுக்குள் நுழையுமுன் அதன் பாயிரத்தைச் சொல்லிவிடுவது பழைய உரைகாரர் வழக்கம். நாமும் சொல்லிவிடுவோம். இவ்வுரை நுதலிய பொருள்: பிஎச்பி நிரலில் ஒரு கோப்பு, வேறொரு ஃபோல்டரில் கிடக்கும் இன்னொரு கோப்பைத் தன்னோடு சேர்த்துக்கொள்ள எழுதும் ‘../’ என்ற மூன்று குறிகள். எல்லை: வடக்கே ரூட் ஃபோல்டர், தெற்கே எல்லை இல்லை, ஃபோல்டருக்குள் ஃபோல்டர் திறக்கும் பழக்கம் யாரையும் விட்டுப் போகாததால். கேட்போர்: ‘என் மெஷின்ல ஓடுதே அண்ணே’ என்று ஒரு முறையாவது சொன்னவர்கள். பயன்: வீடுபேறு இல்லை, வேளையோடு வீடு போய்ச் சேர்தல்.

நிரல் வரிகளை இவ்வுரை தமிழ் எழுத்தில் தருகிறது. கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் பிஎச்பி மறுக்காது. மாறிகளுக்கு வைத்தாலும் மறுக்காது. ‘இன்க்லூட்’ என்று தமிழில் எழுதினால் மட்டும் ஒப்புக்கொள்ளாது. அதைப் படிப்பவர் மனத்துக்குள் மாற்றிக்கொள்க.

முதலில் குலமுறை கிளத்துவோம். ‘ஒரு படி மேலே போ’ என்பதற்கு ஒரு குறி வேண்டும் என்ற எண்ணம் யூனிக்ஸுக்கு முந்தியது. 1960களில் உருவான மல்டிக்ஸ் இயங்குதளத்தில் ஃபோல்டர்களைப் பிரிக்க ‘>’ என்றும், ஒரு படி ஏற ‘<’ என்றும் எழுதினார்கள். எந்தப் பக்கம் போகிறோம் என்பது குறியைப் பார்த்தாலே தெரியும். இத்தனை தெளிவு ஆகாது என்று தோன்றியதோ என்னவோ, பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸைச் செய்தவர்கள் புள்ளிக்கு வந்தார்கள். ஒற்றைப் புள்ளி என்றால் இந்த ஃபோல்டர். இரட்டைப் புள்ளி என்றால் இதைப் பெற்ற ஃபோல்டர். இரண்டும் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் மெய்யான பதிவுகளாகவே உட்கார்ந்திருந்ததால், பட்டியல் கேட்டபோதெல்லாம் இவையும் வந்து நின்றன. தொல்லையாக இருக்கிறதே என்று, பெயரின் முதல் எழுத்து புள்ளியாக இருந்தால் காட்டாதே என ஒரு சோதனையைப் போட்டார்கள். அன்றுமுதல் புள்ளியில் தொடங்கும் கோப்புகள் எல்லாமே கண்ணுக்கு மறைந்தன. மறைகோப்பு என்று இன்று நாம் பெருமையாகச் சொல்லும் வசதி இப்படித் தவறிப் பிறந்ததுதான் என்று, அந்த ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ராப் பைக்கே எழுதியிருக்கிறார்.

ரூட் ஃபோல்டருக்கு மேலே என்ன? யூனிக்ஸின் விடை: ரூட்டே. அங்கிருந்து எத்தனை இருபுள்ளி போட்டாலும் அங்கேயேதான் நிற்பீர்கள். ஆதிக்குப் பெற்றோர் இல்லை. ஆகவே தனக்குத் தானே பெற்றோர். இதைக் கேட்டுச் சித்தாந்திகள் தலையசைப்பார்கள், பாதுகாப்பு வல்லுநர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஏன் என்பது பின்னர் வரும்.

பிஎச்பியின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லலாம். கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப், இணையத்தில் போட்டிருந்த தன் தற்குறிப்பை யார் யார் வந்து பார்க்கிறார்கள் என்று அறிய 1994இல் சில கருவிகளை எழுதினார். 1995இல் வெளியே கொடுத்தார். பெயர் ‘பர்சனல் ஹோம் பேஜ்’. ஒரே ஒரு பக்கம் வைத்திருப்பவருக்கு ஒரே ஒரு ஃபோல்டர் போதும். சிக்கல் இரண்டாவது ஃபோல்டரில் தொடங்குகிறது.

அந்த இரண்டாவது ஃபோல்டரைத் திறப்போம். ஒரு தளம். அதன் உச்சியில் ‘இண்டெக்ஸ்.பிஎச்பி’, ‘கான்ஃபிக்.பிஎச்பி’ என இரண்டு கோப்புகள். கீழே ‘லிப்’, ‘அட்மின்’ என இரண்டு ஃபோல்டர்கள். லிப்புக்குள் ‘டிபி.பிஎச்பி’ இருக்கிறது, தரவுத்தளத்தோடு பேசுவது அதன் வேலை. பாஸ்வேர்டு கான்ஃபிக்கில் இருப்பதால் டிபி அதை அழைத்தாக வேண்டும். எழுதுகிறவர் தாளில் படம் போட்டுப் பார்க்கிறார். டிபி இருப்பது லிப்பில். கான்ஃபிக் இருப்பது அதற்கு ஒரு படி மேலே. ஆகவே எழுதுகிறார்:

இன்க்லூட் '../கான்ஃபிக்.பிஎச்பி';

டிபியை அழைக்கும் அட்மின் பக்கத்தைத் திறக்கிறார். ஓடுகிறது. மனம் குளிர்ந்து முகப்புப் பக்கத்தைத் திறக்கிறார். ஓடவில்லை. அதே டிபி, அதே வரி, அதே கான்ஃபிக். இடம் மாறாத இரண்டு கோப்புகளுக்கு இடையே வழி மட்டும் எப்படி மாறும்?

இங்கேதான் இவ்வுரையின் மையச் சூத்திரம். புள்ளியில் தொடங்கும் பாதையை, அந்த வரி எழுதப்பட்டிருக்கும் கோப்பிலிருந்து பிஎச்பி அளப்பதில்லை. நடப்பு ஃபோல்டரிலிருந்து அளக்கிறது. இணைய சர்வரில் நடப்பு ஃபோல்டர் என்பது பெரும்பாலும் பிரவுசர் முதலில் கேட்ட கோப்பு இருக்கும் ஃபோல்டர். அட்மின் பக்கத்தைக் கேட்டால் நடப்பு ஃபோல்டர் அட்மின். அதற்கு ஒரு படி மேலே கான்ஃபிக் இருக்கிறது. லிப்பும் அட்மினும் ஒரே ஆழத்தில் இருந்ததால் கணக்கு தற்செயலாக ஒத்துப்போனது. முகப்பைக் கேட்டால் நடப்பு ஃபோல்டர் தளத்தின் உச்சி. அதற்கும் ஒரு படி மேலே போனால் தளத்துக்கே வெளியே. ‘சாவி பக்கத்து வீட்டில்’ என்று அத்தை ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தனுப்புகிறார். எந்த வீட்டுக்குப் பக்கத்து வீடு என்பதை, சீட்டை எழுதிய வீட்டை வைத்துத்தான் நாமெல்லாம் புரிந்துகொள்வோம். பிஎச்பியோ பயணம் புறப்பட்டவரின் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும்.

இங்கே ஒரு கடா. ‘அப்படியாயின் புள்ளியை எடுத்துவிட்டு வெறுமனே கான்ஃபிக்.பிஎச்பி என்று எழுதினால் தீராதோ?’ எனின், தீராது. நோய் இடம் மாறும். புள்ளியில் தொடங்காத பெயருக்குத் தேடும் முறையே வேறு. முதலில் ‘இன்க்லூட் பாத்’ என்ற அமைப்பில் சொல்லியிருக்கும் ஃபோல்டர்களில் வரிசையாகத் தேடும். டெபியன் போன்ற லினக்ஸில் அது வழக்கமாக ஒரு புள்ளியும் ஒரு பொது ஃபோல்டருமாக இருக்கும். அந்தப் புள்ளி நடப்பு ஃபோல்டரேதான். அங்கெல்லாம் கிடைக்காவிட்டால், கடைசியில், வேண்டா வெறுப்பாக, அழைக்கும் கோப்பின் சொந்த ஃபோல்டரையும் எட்டிப் பார்க்கும். ஆக, தான் இருக்கும் இடத்தைத் தேடும் நல்ல புத்தி பிஎச்பிக்கு உண்டு; புள்ளி வைத்துக் கேட்டால் மட்டும் அதை மறந்துவிடும். நம் தளத்தில் புள்ளியை எடுத்தால் முகப்பு ஓடும், அட்மின் விழும். இன்னும் மோசமானது, அட்மினுக்குள்ளும் யாரோ ஒரு கான்ஃபிக்.பிஎச்பி வைத்திருப்பது. அப்போது எதுவும் விழாது; தவறான கான்ஃபிக் சத்தமில்லாமல் உள்ளே வரும். பிழைச்செய்தி வரும் பிழையைவிட வராத பிழைதான் கொடியது என்பதை அனுபவஸ்தர்கள் அறிவார்கள்.

வேறு சில மொழிகளோடு ஒப்பிட்டு நோக்கினால் பிஎச்பி தனித்துத்தான் நிற்கிறது. சி மொழியில் மேற்கோள் குறிக்குள் ஒரு கோப்பை அழைத்தால், ஜிசிசி என்ற நிரல்பெயர்ப்பி முதலில் அழைக்கும் கோப்பின் ஃபோல்டரில் தேடும். சிஎஸ்எஸ்ஸில் ஒரு படத்தின் முகவரி அந்த சிஎஸ்எஸ் கோப்பிலிருந்து அளக்கப்படும், அதை அழைத்த பக்கத்திலிருந்து அல்ல. நோட் ஜேஎஸ்ஸின் ரிக்வயரும் எழுதிய கோப்பையே மையமாகக் கொள்ளும். இம்மூவரும் எழுதியவன் பக்கம்; பிஎச்பி வந்தவன் பக்கம். விருந்தோம்பல் பண்பு என்று இதற்கு நயம் சொல்வாரும் உளர். அவர்கள் இரவு இரண்டு மணிக்குத் தளத்தைச் சரிசெய்திராதவர்கள்.

அழைப்புச் சொற்கள் நான்கு: இன்க்லூட், ரிக்வயர், இவ்விரண்டோடும் ‘ஒன்ஸ்’ சேர்த்த இரண்டு. கோப்பு கிடைக்காவிட்டால் இன்க்லூட் எச்சரித்துவிட்டு மேலே நடக்கும். ரிக்வயர் அந்த இடத்திலேயே உயிரை விடும். ‘ஒன்ஸ்’ என்றால் ஏற்கெனவே வந்ததை மறுபடி கூப்பிடாது. பாஸ்வேர்டு கோப்புக்கு இன்க்லூட் போடுகிறவர்கள், சோறில்லாமல் பந்தி நடத்தலாம் என்று நம்புகிறவர்கள். இவ்வளவே.

எச்சரிக்கைச் செய்தியைத்தான் சொல்லுக்குச் சொல் ஆராய வேண்டும். முதல் வரி: ‘ஃபெயில்ட் டு ஓப்பன் ஸ்ட்ரீம்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’. பாடபேதம் ஒன்று உண்டு: 2020இல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து இதன் முதல் எழுத்து பெரிய எழுத்தாயிற்று. தோல்வி கௌரவம் பெற்ற காலம் அது. இரண்டாம் வரியில்தான் விஷமம். கோப்பைத் திறக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு, கூடவே ‘இன்க்லூட் பாத்’ இன்னது என்று அடைப்புக்குறிக்குள் காட்டும். படிப்பவர் என்ன நினைப்பார்? அங்கேதான் தேடியிருக்கிறது, அதில்தான் கோளாறு என்று நினைப்பார். பாதை புள்ளியில் தொடங்கினால் பிஎச்பி அந்தப் பட்டியலைத் தொடவே இல்லை. தொடாத பட்டியலைச் சாட்சிக்கு நிறுத்தும் இந்த ஒரு வரியை நம்பி, பிஎச்பி.ஐஎன்ஐ கோப்பைத் திருத்தித் திருத்தி சர்வரை மறுதொடக்கம் செய்தவர்களுக்கு ஒரு நடுகல் வைக்கலாம். எந்த ஃபோல்டரிலிருந்து அளந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வுரைக்கே வேலை இருந்திருக்காது. அதைச் சொல்வதற்கு ‘கெட்சிடபிள்யூடி’ என்று தனியே ஒரு செயற்கூறு இருக்கிறது. சந்தேகம் வந்த முதல் நிமிடத்திலேயே அதை அழைத்து அச்சிட்டுப் பார்ப்பதே அறிவுடைமை.

இந்நோய்க்கு மருந்து கூறியோர் பல தரத்தினர். மூத்தவர்கள் ஊகவாதிகள். ஒரு இருபுள்ளி போட்டு ஓடாவிட்டால் இரண்டு போடு, அதுவும் ஓடாவிட்டால் மூன்று போடு, ஓடிய இடத்தில் நிறுத்து, காரணம் கேட்காதே என்பது இவர்கள் கொள்கை. எளிது, உடனே பலன் தரும், அடுத்த ஃபோல்டர் திறக்கும்வரை நிற்கும். அட்மினுக்குள் ‘அறிக்கை’ என்று இன்னொரு ஃபோல்டர் வந்த அன்றைக்கு எல்லாம் சரியும்.

அடுத்தவர்கள் இடம்பெயர்ப்புவாதிகள். பாதை ஒத்துவரவில்லையென்றால் ‘சிஎச்டிர்’ போட்டு நடப்பு ஃபோல்டரையே மாற்றிவிடு என்பார்கள். தன் கோப்புக்கு வசதியாக மாற்றிவிட்டுப் பழைய இடத்துக்குத் திருப்பி வைக்க மறப்பார்கள். பின்னால் வரும் கோப்புகள் எல்லாம் திசை தெரியாமல் நிற்கும். நடப்பு ஃபோல்டர் என்பது நிரல் முழுவதற்கும் பொதுச் சொத்து. அதை நகர்த்துகிறவர் எல்லாருடைய ‘இங்கே’யையும் நகர்த்துகிறார்.

மூன்றாமவர் வேர்வாதிகள். ‘டாக்குமென்ட் ரூட்’ என்று சர்வர் தரும் மாறியில் தளத்தின் உச்சிப் பாதை இருக்கிறது. அங்கிருந்தே முழுப்பாதையாக எழுதிவிட்டால் ஆழக் கணக்கே வேண்டாம். பகலெல்லாம் இது பழுதில்லாமல் ஓடும். இவர்களைக் கவிழ்த்தது கிரான்.

கிரான் தனி அதிகாரத்துக்கு உரியது. இரவு பன்னிரண்டு மணிக்கு அறிக்கை அனுப்பு, வாரம் ஒரு முறை பழைய பதிவுகளை அழி என்பது போன்ற வேலைகளைக் குறித்த நேரத்தில் தானாகச் செய்யும் யூனிக்ஸ் ஏற்பாடு அது. அதன் வழியாக ஓடும் பிஎச்பியை யாரும் பிரவுசரில் கேட்கவில்லை. சர்வர் என்ற ஒருவர் இடையில் இல்லை. ஆகவே டாக்குமென்ட் ரூட் வெறுமையாக இருக்கும். வேர்வாதியின் முழுப்பாதை வேரற்றுப்போய், கணினியின் ரூட்டில் கான்ஃபிக்கைத் தேடும். ஊகவாதியும் தப்பமாட்டார். கட்டளை வரியில் ஓடும் பிஎச்பி, நடப்பு ஃபோல்டரைக் கோப்பின் ஃபோல்டருக்கு மாற்றுவதே இல்லை. நீங்கள் எங்கே நின்று அழைத்தீர்களோ அதுவே நடப்பு. கிரான் நிற்பதோ பயனரின் ஹோம் ஃபோல்டரில். எனவே ‘../’ அங்கிருந்து அளக்கப்பட்டு, எல்லாப் பயனர்களும் குடியிருக்கும் ஃபோல்டரில் போய் உங்கள் பாஸ்வேர்டைத் தேடும். நிரலை எழுதியவர் பகலில் அதே ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு கையால் ஓட்டிப் பார்த்திருப்பார், ஓடியிருக்கும். ‘என் மெஷின்ல ஓடுதே’ என்ற வாக்கியம் பொய் இல்லை. நிரல் நின்ற இடம் வேறு, அவ்வளவுதான்.

இதைவிட நுட்பமான நேர்வும் ஒன்று உண்டு. நிரல் முடியும் தறுவாயில் ஓடும்படி சில செயற்கூறுகளைப் பதிந்துவைக்கலாம். அப்பாச்சி போன்ற சில சர்வர்களில், அந்தக் கடைசி நேரத்தில் நடப்பு ஃபோல்டர் வேறாகிவிடலாம் என்று பிஎச்பியின் கையேடே எச்சரிக்கிறது. உயிரோடு இருந்தவரை சரியாக இருந்த முகவரி, இறக்கும்போது மாறிப்போகும். இதற்குத் தத்துவ விளக்கம் எழுதும் ஆசையை அடக்கிக்கொண்டு மேலே செல்வோம்.

சித்தாந்தம் என்று கொள்ளத்தக்கது ‘__டிர்__’ என்ற மாறிலி. அது எழுதப்பட்ட கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அதன் முழுப்பாதையைத் தரும். யார் அழைத்தார், எங்கிருந்து அழைத்தார் என்று பார்க்காது. ஆகவே லிப்பில் இருக்கும் டிபி எழுத வேண்டியது:

ரிக்வயர் __டிர்__ . '/../கான்ஃபிக்.பிஎச்பி';

இருபுள்ளி இங்கேயும் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு நிலையான இடம் ஒட்டிக்கொண்டதால், பாதை புள்ளியில் தொடங்கவில்லை. முகப்பு, அட்மின், கிரான் மூன்றும் ஒரே கான்ஃபிக்கைப் பெறும். 2009இல் வந்த 5.3 பதிப்பில்தான் இது கிடைத்தது. அதற்கு முன் ‘டிர்நேம்’ என்ற செயற்கூற்றுக்குள் ‘__ஃபைல்__’ என்று எழுத வேண்டும். இரண்டு படி ஏற டிர்நேமுக்குள் டிர்நேம், மூன்று படிக்கு மூன்று. அடைப்புக்குறிகள் வரிசையாக மூடிக்கொள்ளும் அந்தக் காலத்து நிரலைப் பார்த்தவர்களுக்கு ஆழம் என்றால் என்னவென்று தெரியும். எத்தனை படி என்று எண்ணைக் கொடுத்தால் போதும் என்ற வசதி 2015இல், ஏழாம் பதிப்போடு வந்தது. நடுவில் ஆறாம் பதிப்பு வரவே இல்லை; அது வேறு கதை.

இச்சித்தாந்தத்திலும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. __டிர்__ தரும் பாதையின் முடிவில் சாய்கோடு இருக்காது. அதை மறந்து நேரே கோப்பின் பெயரை ஒட்டினால், ‘லிப்கான்ஃபிக்.பிஎச்பி’ என்று புணர்ச்சி விதி எதற்கும் உட்படாத ஒரு சொல் பிறக்கும்.

சாய்கோட்டின் சாய்வு பற்றியும் ஒரு புறனடை. விண்டோஸில் ஃபோல்டர்களைப் பிரிப்பது பின்னோக்கிச் சாயும் கோடு. டாஸ் இயங்குதளத்தில் முன்சாய்கோடு ஏற்கெனவே கட்டளைத் தெரிவுகளுக்குப் போய்விட்டதால், 1983இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஃபோல்டர்கள் நுழைந்தபோது மிச்சமிருந்த கோட்டைக் கொடுத்தார்கள். அந்தப் பழக்கத்தில் இரட்டை மேற்கோளுக்குள் பின்சாய்கோடு போட்டு ‘நியூ’ என்ற ஃபோல்டரை அழைப்பவர் உண்டு. பின்சாய்கோடும் ஆங்கில ‘என்’ எழுத்தும் சேர்ந்தால் பிஎச்பிக்கு அது புதிய வரி. பாதையின் நடுவே வரி முறிந்து, கோப்பைத் திறக்க முடியவில்லை என்று செய்தி வரும்; அது உண்மையும்கூட. விண்டோஸிலும் முன்சாய்கோடு நன்றாகவே ஓடும் என்பதால் இந்தத் துன்பம் முழுக்க விருப்பத்தின்பேரில் பெறப்படுவது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இன்னொன்று: விண்டோஸ் பொருட்படுத்தாது, லினக்ஸ் மன்னிக்காது.

இனி, தலையில் அடித்துக்கொண்ட பாதுகாப்பு வல்லுநர்களிடம் வருவோம். எந்தப் பக்கம் வேண்டும் என்பதை முகவரியிலிருந்தே வாங்கி, அப்படியே இன்க்லூட்டுக்குக் கொடுக்கும் வழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. வருகிறவர் பக்கத்தின் பெயருக்குப் பதிலாக இருபுள்ளிகளை அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் கணினியின் பயனர் பட்டியல் கோப்பின் பெயரை எழுதுவார். எத்தனை படி ஏற வேண்டும் என்று அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ரூட்டுக்கு மேலும் ரூட்டே என்பதால் பத்து போட்டாலும் இருபது போட்டாலும் போய்ச் சேருவது ஒரே இடம். ஆதிக்குத் தானே பெற்றோர் என்ற கோட்பாட்டின் நடைமுறைப் பயன் இது. நம் ஊகவாதி ஒன்று கூடினால் விழுகிறார். திருடன் எத்தனை கூடினாலும் விழுவதில்லை. வேற்றுத் தளத்திலிருக்கும் கோப்பையே முகவரி கொடுத்து உள்ளே இழுக்கும் வசதியும் இருந்தது. அதைத் தனியே ஓர் அமைப்பாக்கி, கேட்டாலொழியத் திறக்காதபடி மூடியது 2006இன் 5.2 பதிப்பு.

வேர்ட்பிரஸ் இவ்விஷயத்தில் படிக்கத்தக்க இலக்கியம். கான்ஃபிக் கோப்பைத் தன் ஃபோல்டரில் தேடும்; இல்லையென்றால் ஒரு படி மேலே தேடும்; அதற்கு மேல் போகாது. மேலேயும் சும்மா எடுத்துவிடாது: அங்கே வேர்ட்பிரஸின் அமைப்புக் கோப்பும் இருந்தால், அது வேறொரு தளத்தின் சொத்து என்று தொடாமல் திரும்பிவிடும். இத்தனை நாகரிகமாக எழுதப்பட்ட ஒன்றுக்குள், பிளகின் எழுதுகிறவர்கள் சிலர் மூன்று இருபுள்ளி போட்டு உச்சிக்கு ஏறி அதன் தொடக்கக் கோப்பைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். பிளகின்கள் வைக்கும் ஃபோல்டரை உரிமையாளர் வேறிடத்துக்கு மாற்றலாம் என்று வேர்ட்பிரஸே அனுமதிக்கிறது. மாற்றியவர் தளத்தில் அந்த மூன்று படிகளும் எங்கோ போய் முடிந்தன.

2012இல் கம்போசர் என்ற கருவி வந்தபின் இன்க்லூட் எழுதுவதே குறைந்துவிட்டது. ஒரு வகுப்பின் பெயரைச் சொன்னால் அதன் கோப்பை அதுவே தேடி எடுத்து வரும். நிரல் முழுவதற்கும் கையால் எழுத வேண்டியது ஒரே ஒரு வரி. அப்படியாயின் இவ்வாராய்ச்சி காலாவதியாயிற்று என்பாரை மறுக்க அந்த வரியே போதும். லாராவெல்லின் ‘பப்ளிக்’ ஃபோல்டரில் இருக்கும் இண்டெக்ஸைத் திறந்தால் அது நிற்கிறது: __டிர்__, அதை ஒட்டி ஒரு சாய்கோடு, இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு, பிறகு ‘வெண்டர்/ஆட்டோலோட்.பிஎச்பி’.

அந்த ஆட்டோலோட் எங்கே இருக்கிறது என்பது நம் தளத்தில் நமக்குத் தெரியும். பிறர் தளத்துக்குள் போய் அமரும் கருவிகளுக்குத் தெரியாது. சோதனைக் கருவியான பிஎச்பியூனிட் தனியாகவும் ஓட வேண்டும், இன்னொரு நிரலின் வெண்டர் ஃபோல்டருக்குள் இருந்தும் ஓட வேண்டும். அதன் தொடக்கக் கோப்பைப் பல ஆண்டுகளாக எப்படி எழுதியிருந்தார்கள் தெரியுமா? இரண்டு படி மேலே பார், இல்லையென்றால் ஒரு படி மேலே வெண்டருக்குள் பார், அதுவும் இல்லையென்றால் பக்கத்திலேயே வெண்டருக்குள் பார், இருக்கிற ஒன்றை எடுத்துக்கொள். __டிர்__ முன்னால் இருக்கிறது என்பதைத் தவிர, இது சாட்சாத் ஊகவாதிகளின் முறை. பிறர் நிரலில் பிழை கண்டுபிடிக்கவென்றே பிறந்த கருவி அது.